போல்ட் தலைக்கு அடியில் இரண்டரை மில்லிமீட்டர்

நான் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த டிசைன் பிரிவிலிருந்து சென்ற மாதம் ஒரு பெண் போன் செய்தாள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, இப்போது என் நாற்காலியில் இருப்பவள்.

"மேடம், செக்லிஸ்ட்ல பதினோராவது வரி நீங்க சேர்த்ததாமே? 'போல்ட்டையும் ராடையும் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்'னு கையெழுத்துப் போடச் சொல்லுது. இப்பல்லாம் எல்லாத்தையும் ஸ்கிரீன்லயே பொருத்திப் பாத்துடறோம். அந்த வரிய எடுத்துடலாமான்னு மீட்டிங்ல கேக்கறாங்க. எதுக்கு வச்சீங்கன்னு இங்க யாருக்கும் தெரியல."

எடுப்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம், காரணத்தைத் தெரிந்துகொண்டு எடுங்கள் என்றேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஜெனரேட்டர்களுக்கும் மீன்பிடிப் போட்டுகளுக்கும் டீசல் எஞ்சின் செய்தோம். பிறகு அது கைமாறி, பெயர் மாறி, ஊரும் மாறிவிட்டது. நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். டிப்ளமோ முடித்த கையோடு டிரேசராகச் சேர்ந்தேன். மற்றவர் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து மையால் நகல் எடுக்கிற வேலை. அப்புறம் டிராஃப்ட்ஸ்மேன், பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். அப்புறம் டிசைனர். கடைசிப் பதினைந்து வருஷம் செக்கர். அதாவது, மற்றவர்கள் வரைந்ததில் தப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று கையெழுத்துப் போடுபவள்.

என் மேலதிகாரி நமச்சிவாயம் சார். டிசைனராக என்னை எடுக்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கனெக்டிங் ராடு எப்போ ரொம்பக் கஷ்டப்படும்?"

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கைதான் கனெக்டிங் ராடு. பிஸ்டன் மேலும் கீழும் போகும். ராடு அந்தப் போக்கைக் கொண்டுபோய் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழற்றும். அதனால் நான் யோசிக்காமல், "டீசல் எரிஞ்சு பிஸ்டன அழுத்தும்போது சார்" என்றேன்.

"அப்போ ராடு நசுங்கும். நசுங்கறத இரும்பு தாங்கிக்கும். புகையை வெளிய தள்ளிக்கிட்டு பிஸ்டன் மேல போகுதே, அப்போ அதைத் தடுத்து நிறுத்த மேல ஒண்ணும் கிடையாது. யாரு புடிச்சு இழுக்கறது?"

"ராடு."

"ராட கிராங்க் ஷாஃப்ட்டோட புடிச்சு வச்சிருக்கிறது?"

"ரெண்டு போல்ட்."

"அந்த ரெண்டு போல்ட்ட நினைச்சுக்கிட்டு வரைங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இருபது வயதுக்காரர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். படத்தில் தப்பு கண்டால் சொல்லமாட்டார். பென்சிலைப் படத்தின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். பென்சில் முனை தப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வருவதற்குள் நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும். புதிய கிராங்க் ஷாஃப்ட் வந்தால், அளவுக் கருவிகளை எடுப்பதற்கு முன் சுண்டுவிரல் நகத்தை அதன் மூலை வளைவுகளில் ஓட்டிப் பார்ப்பார். கிராங்க் ஷாஃப்ட் உடைந்தால் அந்த வளைவில்தான் பெரும்பாலும் தொடங்கும். நகம் எங்காவது தட்டினால் அந்தத் தொகுதியே ஓரமாகப் போய்விடும். பாராட்டு என்பதும் அவரிடம் கிடையாது. படத்தைத் திருப்பித் தரும்போது "ம்" என்றால் சரி என்று அர்த்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ராடு போல்ட்டைக் கொஞ்சம் பலப்படுத்தலாம் என்று முடிவு செய்தோம். போல்ட்டின் தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும். அந்த வளைவு பெரிதாக இருந்தால் அங்கே விரிசல் விடாது. ஒன்றரை மில்லிமீட்டராக இருந்ததை இரண்டரை ஆக்கினோம். புதிய எஞ்சின்களுக்குப் பழைய போல்ட் கையிருப்பு நிறைய இருந்ததால், புதிய போல்ட்டுகள் முதலில் உதிரி பாகப் பொட்டலங்களில் வெளியே போயின. எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர்கள் வாங்குவது அந்தப் பொட்டலத்தைத்தான். படத்தைச் சரிபார்த்தது நான். ஒப்புதல் தந்தது நமச்சிவாயம் சார்.

சில மாதம் கழித்து, காசிமேட்டிலிருந்து போன ஒரு போட்டில் நடுக்கடலில் ராடு அறுந்து, எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. போட்டின் டிரைவர் செல்வம் அப்போது எஞ்சின் பக்கத்தில் நின்றிருக்கிறார். கொதிக்கும் ஆயில் இடது கையில் கொட்டிவிட்டது. எங்கள் சர்வீஸ் ஆட்கள் போய்ப் பார்த்து, சமீபத்தில் எஞ்சினைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று போட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார்கள். தளர்ந்த போல்ட்தான் அப்படி உடையும் என்பது உண்மை. நமச்சிவாயம் சாரும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மெக்கானிக்கின் பெயர் ஏகாம்பரம். இரண்டு முறை வந்து கேட்டிலேயே திரும்பிப் போனாராம். மூன்றாவது முறை வந்தபோது சர்வீஸில் யாரும் இல்லாததால் செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். ஐம்பது வயதிருக்கும். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு துணி மூட்டை.

"நீங்க சர்வீஸா?"

"இல்ல, டிசைன்."

"படம் போடறவங்களா? அப்ப கரெக்டான ஆளாண்டதான் வந்துக்கீறேன்."

மூட்டையைப் பிரித்து ஆறு போல்ட்டுகளை வரவேற்பு மேஜையில் வரிசையாக வைத்தார்.

"தோ பாருங்க மேடம். நாலாவது சிலிண்டர்துதான் ஒட்ச்சிகினு போச்சு. மத்த மூணும் நல்லாத்தான் கீது. நான்தான் கயட்னேன். ஸ்பானர வச்சி லேசா ஒரு தட்டு, அவ்ளோதான், கையோட வந்துகினு கீது. நான் முறுக்குன டைட்டு எங்க போச்சு?"

"டார்க் ரெஞ்ச் வச்சுதான் முறுக்கினீங்களா?"

குறித்த அளவுக்கு முறுக்கியதும் 'டக்'கென்று சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்கிற ஸ்பானர் அது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"இருவத்தாறு வருசமா கடலுக்குப் போற எஞ்சின தொட்டுகினு கீறேன். அந்த ரெஞ்ச எந்த தோஸ்துக்கும் இரவல் குட்த்தது கெடியாது. எட்டு போல்ட்டும் டக்கு டக்குனு சத்தம் கேட்டுதான் உட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "செல்வம் கை வெந்துபோய் ஆஸ்பத்திரில கீறான். அவன் பொண்டாட்டி என்ன பாத்தா மூஞ்ச திருப்பிக்கினு போவுது. உங்க லெட்டர போட்டுக்காரரு எல்லாராண்டயும் காட்டிகினு கீறாரு. எனுக்கு ஒண்ணும் வாணாம் மேடம். ஏகாம்பரம் ஒயுங்காதான் முறுக்கனான்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

ஒரே ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் கை தவறியது எனலாம். ஆறும் ஒரே மாதிரி தளருமா? போல்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினேன்.

மாடிக்கு வந்து ஒரு போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். தலையின் அடிப்பக்கம் தட்டையாக உட்கார்ந்திருந்தால் அங்கே அகலமான பளபளப்பு வளையம் இருக்க வேண்டும். இல்லை. அதற்கு உள்ளே, வளைவின் மேல், நூல் கட்டின மாதிரி மெல்லிய ஒரு கோடு இருந்தது. ஆறிலும் இருந்தது.

ஸ்டோரிலிருந்து ஒரு புது ராடும் ஒரு புது போல்ட்டும் வாங்கி வந்தேன். போல்ட் தலையின் அடியில் நீல மையை மெல்லிசாகத் தடவி, ராடின் துளையில் நுழைத்து, கையால் அழுத்தி எடுத்தேன். தலை எங்கே தொடுகிறதோ அங்கே ராடில் நீலம் ஒட்டும். துளையின் வாய் விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு. மற்ற இடம் சுத்தமாக இருந்தது.

அந்தத் துளையின் வாயை போல்ட்டின் வளைவுக்கு இடம் விட்டுச் சரிவாகச் சீவியிருப்பார்கள். சரிவின் அளவு இரண்டு மில்லிமீட்டர். பழைய வளைவு ஒன்றரை, உள்ளே அடங்கியது. புதிய வளைவு இரண்டரை. அடங்கவில்லை. தலை ராடின் தட்டையான பரப்பில் உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றது, ஒரு தலைமுடி கனத்துக்கு. முறுக்கும்போது ரெஞ்ச் 'டக்'கென்று சொல்லும். ஆனால் எஞ்சின் ஓட ஓட அந்த விளிம்பு நசுங்கி, தலை கொஞ்சம் கீழே இறங்கி, முறுக்கிய இறுக்கம் போய்விடும். நன்றாக இழுத்து இறுக்கிய போல்ட்டுக்கு ராடின் ஒவ்வொரு இழுப்பும் தெரியாது. தளர்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் அடியாக விழும். நிமிஷத்துக்கு ஆயிரம் அடி என்றால் எந்த போல்ட்டும் தாங்காது.

போல்ட்டை மாற்றிய நாங்கள் ராடின் படத்தை மாற்ற மறந்துவிட்டோம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். இரண்டு பாகத்தையும் பொருத்தி, எங்காவது இடித்தால் சிவப்பாகக் காட்டச் சொல்லும் வசதி அப்போதே இருந்தது. நான் அதை ஓட்டியிருந்தேன். எல்லாம் பச்சை. ஏனென்றால் திரையில் இருந்த போல்ட்டில் அந்த வளைவே வரையப்படவில்லை. சின்ன விஷயம் என்று 'வளைவு 2.5' என்று ஓரத்தில் குறிப்பாக எழுதிவிட்டிருந்தார்கள். குறிப்பு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'இணையும் பாகம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது.

நமச்சிவாயம் சாரிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவர், "மெக்கானிக்கும் சரியா முறுக்காம விட்டிருக்கலாம் இல்லையா?" என்றார். நான் ராடையும் போல்ட்டையும் நீல மையையும் அவர் முன்னால் வைத்தேன். அவரே தடவி, அவரே பொருத்தி, எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி செய்தார். மூன்றாவது முறையும் செய்தார். விரலெல்லாம் நீலம்.

"இந்தப் பொட்டலம் எத்தனை வெளிய போயிருக்கு?"

"சில டஜன் சார். பாதிக்கு மேல காசிமேடு."

"அதுல கடல்ல இருக்கிறது?"

அது எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகுதான் கடலில் இருப்பவர்களின் ஞாபகம் எனக்கு வந்தது. அதுவரை என் கையெழுத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியமே மேலிடத்தில் கூட்டம். போல்ட்டுகளை உடனே மாற்றித் தர யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'தவறு' என்ற சொல் வேண்டாம் என்றார்கள். மேம்படுத்திய போல்ட் வந்திருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். ஏகாம்பரம் மேல் பழி போட்ட அந்தக் கடிதம் என்று நான் ஆரம்பித்தேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நமச்சிவாயம் சார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்கு அவர் மேல் வருத்தமாக இருந்தது.

ஒன்றரை மில்லிமீட்டர் வளைவுள்ள பழைய வகை போல்ட்டுகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கம்பெனி வேனில் காசிமேடு போனோம். கரையில் இருந்த போட்டுகள் பிரச்சினை இல்லை. பதினான்கு போட்டுகள் கடலில் இருந்தன. போட்டுக்காரர்களின் அறையில் ஒரு வயர்லெஸ் கருவி உண்டு. அதன் மூலம் கூப்பிடலாம், தூரத்தில் இருப்பவர்களுக்கு நடுவில் இருப்பவர்கள் சொல்லி அனுப்புவார்கள் என்றார்கள். விஷயம் தெரிந்து ஏகாம்பரமும் வந்து வாசலோரம் நின்றார். உள்ளே வரவில்லை.

நான் மைக்கை வாங்கி, மேலிடம் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். கம்பெனியிலிருந்து பேசுகிறேன், மேம்படுத்திய போல்ட் வந்திருக்கிறது, எஞ்சின் வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கரைக்கு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

கரகரவென்று ஒரு குரல் வந்தது. "இன்னா மேடம், போல்ட்டு மாத்தவா கூப்புட்றீங்க? வலைல மீனு கீது. நாலு நாள்ல வந்துடுவோம், அப்பால பாத்துக்கலாம்."

இன்னொரு குரல்: "செல்வம் போட்டு மேட்டர்தான? அது ஏகாம்பரம் டைட்டு பண்ணாம உட்டது. என் எஞ்சின அந்தாளு தொடவே இல்ல. எனுக்கு ஒண்ணும் ஆவாது."

யார் யாரோ சிரிப்பது கேட்டது. அறையில் இருந்தவர்கள் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெக்கானிக்கின் தப்பு என்று நாங்கள் எழுதிய கடிதத்தை நம்பித்தான் இவர்கள் பயப்படாமல் இருக்கிறார்கள். வேறு ஆளிடம் வேலை கொடுத்தவன் எல்லாம் தன் எஞ்சின் பத்திரம் என்று நினைக்கிறான். அந்தக் கடிதம் பொய் என்று சொன்னாலொழிய ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

நமச்சிவாயம் சாரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சொல்லுங்க ரெஜினா" என்றார். "அந்தக் கடிதத்த ஏத்துக் கையெழுத்துப் போட்டது நான்னும் சேர்த்துச் சொல்லுங்க."

மைக்கை அழுத்தினேன். எந்தப் பேச்சில் பேச வேண்டும் என்று யோசிக்கவில்லை. வீட்டில் அப்பாவோடு பேசுகிற பேச்சுதான் வந்தது.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க. எம் பேரு ரெஜினா. ராயபுரம். அந்த போல்ட்டு படத்துல கையெழுத்து போட்டவ நான்தான். தப்பு எங்களுது. போல்ட்டு தலை ராடுல சரியா குந்தல. ஏகாம்பரம் ஒயுங்காத்தான் முறுக்கினாரு. யாரு முறுக்கினாலும் அது லூசாவும். அவர் மேல தப்புன்னு எயுதினது நாங்க, எங்க சாரு பக்கத்துலதான் கீறாரு. நாலு மாசத்துக்குள்ள எஞ்சின் பிரிச்சவங்க ஆயிரத்து எரநூறுக்கு மேல ரேஸ் பண்ணாதீங்க. அந்த வேகத்துல வந்தா போல்ட்டு மேல இழுப்பு பாதிக்கும் கீய வந்துடும். தயவுபண்ணி வந்துடுங்க."

பொத்தானை விட்டேன். வெறும் இரைச்சல். வயர்லெஸ்ஸில் சொன்னதை அந்தக் கரையில் கேட்காத போட்டு கிடையாது. முதலில் பேசிய குரல், "ஏகாம்பரம் அங்க கீறானா?" என்றது.

ஏகாம்பரம் உள்ளே வந்து மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். "கீறேன் நைனா. வலைய தூக்கிட்டு கெளம்பு. ரேஸ ஏத்தாத."

"வரேன்" என்றது குரல்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் கையெழுத்து உரிமை போனது. வரவேண்டிய பதவி உயர்வும் வேறொருவருக்குப் போனது. நமச்சிவாயம் சாருக்கும் ஒரு கடிதம் வந்தது; அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் ஏகாம்பரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய கடிதம் தவறு, அதை நான் திரும்பப் பெறுகிறேன் என்று, தமிழில், அவர் கையாலேயே. ராடின் துளைச் சரிவு மூன்று மில்லிமீட்டர் ஆனது. செக்லிஸ்ட்டில் பதினோராவது வரி வந்தது. செல்வம் ஆறு மாதம் கழித்துக் கடலுக்குப் போனார். அவருடைய இடது சுண்டுவிரல் இப்போதும் மடங்காது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் மனைவி என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஏகாம்பரத்திடம் காசிமேட்டில் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "உங்களால போன பேரு உங்களாலயே வந்துச்சு. கயிச்சிக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் டீ சொன்னார்.

போட்டுகள் அன்று சாயங்காலத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் போட்டு மறுநாள் பகலில் வந்தது. தன் எஞ்சினை ஏகாம்பரம் தொடவே இல்லை என்று சொன்ன டிரைவருடையது. கயிறு கட்டும்போதே, "ஒண்ணும் இல்ல, சொன்னீங்களேன்னு வந்தேன், ஓடிகினுதான் கீது" என்று சத்தமாகச் சொன்னார். ஏகாம்பரம் எஞ்சின் அறைக்குள் இறங்கினார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் மேலே நிற்கும்படி கிராங்க் ஷாஃப்ட்டைத் திருப்பி, கையை உள்ளே விட்டார். ஸ்பானர் வெளியில்தான் கிடந்தது. கை வெளியே வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவே போல்ட் இருந்தது. தலைக்குக் கீழே, வளைவைச் சுற்றிப் பாதி தூரம், கறுப்பாக ஒரு விரிசல்.

டிரைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கரையில் அவர் வீட்டுக்காரம்மா, கூடையோடு மீனுக்காக நின்றிருந்தவர், என்னவென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார் டிரைவர், மனைவியைக் கண்ணால் காட்டி, மெதுவாக. "அதாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்பால என்னை கடலுக்கே உடாது."